டி-14க்கு வந்த தபால்

அரசு ஊழியர்கள் இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சட்டசபையில் சட்டம் போட்டார்களே, அந்த வருஷம் நடந்தது இது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது கொண்டுவந்த சட்டம். குரல் வாக்கெடுப்பில் எல்லாரும் ஒரே மூச்சாக ஆம் என்று சொல்லிவிட்டு, சொன்ன வாய் மூடாமல் சாப்பிடப் போய்விட்டார்கள். பணி நேரத்தில் ஊழியர் உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம் எல்லா வகையிலும் அரசு அலுவலகம், அங்கே முத்திரை வாங்கிப் பதிவேட்டில் ஏறுகிற எதுவும் எல்லா வகையிலும் அரசுக் காகிதம் என்று அதன் ஒன்பதாம் பிரிவு சொன்னது. சட்டமே சொல்லிவிட்ட பிறகு சுவர் என்ன செய்யும், பாவம். சொன்னபடி கேட்டது.

நெடுங்குளம் அரசு அலுவலர் குடியிருப்பில் ஏ முதல் டி வரை நாலு பிளாக், அறுபத்துநாலு வீடுகள். சட்டம் அமலுக்கு வந்த திங்கட்கிழமை காலை மணி பத்து அடித்ததும், அறுபத்துநாலு வீட்டுக் கூடத்துச் சுவர்களும் நெஞ்சு உயரத்துக்குக் கரும்பச்சையும் அதற்கு மேலே அழுக்கு மஞ்சளுமாக மாறின. சோபா நீண்டு மரப்பெஞ்சு ஆனது. வாசலுக்கும் மேசைக்கும் நடுவே கம்பி போட்ட கவுண்டர் ஒன்று தரையிலிருந்து எழும்பி நின்றது. சாமிப்படம் மாட்டியிருந்த மூலையில் ஓர் இரும்பு பீரோ வந்து உட்கார்ந்துகொண்டது. மின்விசிறி வேகத்தைக் குறைத்துக்கொண்டு முனக ஆரம்பித்தது. கேஸ் அடுப்பு எத்தனை குச்சி கிழித்தாலும் பற்றவில்லை. மாலை ஐந்தே முக்காலுக்குக் கவுண்டர் தரைக்குள் இறங்கி, பெஞ்சு சோபாவாகி, சாமிப்படம் தன் மூலைக்குத் திரும்பி வந்தது. மறுநாள் பத்து மணிக்குத் திரும்பவும் அதே கதை.

முதல் நாள் ஐயோ அம்மா என்று மாடிப்படியில் விழுந்தடித்து ஓடினவர்கள் இரண்டாம் நாள் பத்து மணிக்குள் சமையலை முடித்துக்கொண்டார்கள், மூன்றாம் நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மாமியாரும் மாமனாரும் லீவு விட்ட பிள்ளைகளும் கவுண்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பழகினார்கள். மாத்திரை வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதிக் கம்பி வழியாக நீட்டக் கற்றுக்கொண்டார்கள். மனு எழுதிக் கொடுக்கும் மைதீன் பாய் தன் மேசையைத் தூக்கிவந்து டி பிளாக் படிக்கட்டுக்கு அடியில் போட்டார். சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் ஜெராக்ஸ் கடை முளைத்தது. சுற்றுப்பட்டு கிராமத்து ஜனங்களுக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். "முன்னல்லாம் சீட்டுல ஆளில்லம்பாங்க, டீ குடிக்கப் போயிட்டாரும்பாங்க. இப்ப வீடே ஆபீசாயிருச்சு, எங்க ஓடுவாங்க?" என்று மாடியேறி வந்து, பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

டி பிளாக் பதினாலாம் நம்பர் வீட்டில் இருந்தவள் பூங்கோதை. சான்றிதழ்ப் பிரிவில் உதவியாளர், பதினோரு வருஷ சர்வீஸ். புருஷன் மாசிலாமணிக்கு லேத் பட்டறையில் வேலை, ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவான். ஒரே பெண், தாமிரா, ஒன்றாம் வகுப்பு. கல்யாணமாகி ஏழு வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. இந்த டி பிளாக் படிக்கட்டிலேயே விழுந்து இடது புருவத்தில் மூன்று தையல், அந்த இடத்தில் இன்றைக்கும் முடி முளைக்கவில்லை. வாயைத் திறந்தால் மூடாது, ஒரு கோட்டில் எழுதச் சொன்னால் நாலு கோட்டில் எழுதும், மணிக்கு ஒரு தரம் தண்ணி கேட்கும்.

அரசாங்க வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டு உண்டு, நெடுங்குளத்தில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அம்மாவோடு ஆபீசுக்கு வருகிற பிள்ளை மேசைக்கு அடியில் உட்கார்ந்து சலித்துப்போய்ப் புறங்கையை நீட்டும். அம்மா தபால் முத்திரையை மை தொட்டு அதில் ஒரு குத்துக் குத்துவாள். 'பெறப்பட்டது' என்ற எழுத்தும் அன்றைய தேதியும் ஊதா நிறத்தில் கையில் உட்காரும். கீழே பேனாவால் ஒரு நம்பரும் போட்டுவிட்டால் பிள்ளை நாள் பூராவும் கையைக் கழுவாமல் மேசை மேசையாகக் காட்டிக்கொண்டு திரியும். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? அப்போது ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சட்டம் வந்து மூன்று மாதத்தில், ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்குத்தான் கெட்டுப்போனது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்து ஆயா தாமிராவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் விட்டுவிட்டு, "புள்ளைக்கு உடம்பு கொதிக்குது, டீச்சர் வீட்ல விட்டுடச் சொன்னாங்க" என்று சொல்லிப் போனாள். கோதையின் முன்னால் முப்பது நாற்பது தபால், வரிசையில் எட்டுப் பேர், கையில் முத்திரை. இந்த நாலை முடித்துவிட்டு எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் கம்பிக்கு நடுவே ஒரு குட்டிக் கை நீண்டது.

"ம்மா, ஸ்டாம்ப்பு."

குத்தினாள். பிள்ளை காய்ச்சலிலும் கிளுக்கென்று சிரித்தது.

"நம்பரும்மா. நெஜ நோட்டுல போடு."

"சரிடி, நெஜ நோட்டுலயே போடறேன்." தலையைக் குனிந்தபடியே பதிவேட்டை இழுத்தாள். "சொல்லு, யாரு அனுப்பின தபால் இது?"

"சாமி அனுப்பிச்சுது!" அவள்தானே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள், சாமிதான் உன்னை எங்களுக்கு அனுப்பிச்சுது என்று.

"விஷயம்?"

"தண்ணி வேணும்."

அனுப்புநர் என்ற இடத்தில் சாமி என்றும், பொருள் என்ற இடத்தில் தண்ணி என்றும் சிரித்துக்கொண்டே எழுதினாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு என்று நம்பர் போட்டாள். கடைசி ஏழின் காலை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. கை நீண்டிருந்த இடத்தில் ஒரு கோப்பு இருந்தது, பழுப்பு அட்டை, ஓரத்தில் ஓட்டை போட்டு வெள்ளை டேக் கோத்த சின்னக் கோப்பு.

தொட்டாள். கொதித்தது. "தாமிரா" என்று கூப்பிட்டுக்கொண்டே கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் புத்தகப் பை இருந்தது, தண்ணி பாட்டில் காலியாகச் சாய்ந்து கிடந்தது. வரிசையில் அடுத்து நின்ற பெரியவர் இரண்டு நிமிஷம் மரியாதைக்குப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் மனுவை உள்ளே தள்ளினார்.

"பாப்பாதான் ஃபைலாயிடுச்சே, இனிமே அது எங்கம்மா போவப்போவுது. என்னுதைக் கொஞ்சம் பாருங்க, பஸ் போயிடும்."

ஐந்தே முக்கால் ஆகட்டும், சுவர் மாறும்போது பிள்ளையும் மாறிவிடும் என்று கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தே முக்கால் ஆனது. கவுண்டர் இறங்கியது, பெஞ்சு சோபாவானது, சாமிப்படம் மூலைக்கு வந்தது. கோப்பு கோப்பாகவே இருந்தது. ஆபீசைப் பூட்டினாலும் காகிதம் காகிதம்தான் என்று பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரியும், தெரிந்து என்ன பிரயோஜனம்?

மாசிலாமணி வந்து, விஷயத்தைக் கேட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, கோப்பை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அழுகைச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு ரெஜினா அக்கா வந்தாள். கருவூலத்தில் வேலை பார்க்கிறவள், கெட்டிக்காரி, எதற்கும் அசைய மாட்டாள். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அழாத கோதை. ஒண்ணு சொல்றேன், வெளிய விடாத. எங்க அத்தை கரூருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னேன்ல? போகல. பீரோவுலதான் இருக்காங்க. மருந்துச் சீட்டோட கையையும் சேத்து நீட்டினாங்க, பாக்காம குத்தி நம்பரும் போட்டுட்டேன்."

"ஐயோ, அப்புறம் என்னக்கா பண்ணினே?"

"என்ன பண்றது. பத்து வருஷ முடிவு எழுதி வச்சிருக்கேன். பத்திரமா இருப்பாங்க."

ரெஜினா வாயைத் திறந்ததும்தான் மற்ற வாய்களும் திறந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு முன்னால் மூன்று பேர் வந்து போனார்கள். ஒரு வீட்டில் மாமனார், ஒரு வீட்டில் அத்தை மகள், ஒரு வீட்டில் சண்டைக்கு வந்த நாத்தனார். வீட்டுக்கு ஒரு கோப்பு பீரோவில் இருந்தது, யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கோப்பு என்று ஒன்று பிறந்துவிட்டால் அதற்கு ஒரு முடிவு எழுதியாக வேண்டும். மூன்று வருஷ முடிவு என்றால் மூன்று வருஷம் பதிவறையில் வைத்திருந்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். பத்து வருஷ முடிவு என்றால் பத்து வருஷம் கழித்து. நிரந்தர முடிவு என்றால் கிழிக்கவே மாட்டார்கள், கடைசி வரைக்கும் இருட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஐந்து வேலை நாளுக்குள் எதுவும் எழுதாவிட்டால் கோப்பு தானாகவே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், அப்படிப் போனது எதுவும் திரும்பி வந்ததாக அந்தக் குடியிருப்பில் யாருக்கும் நினைவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்தே முக்கால்தான் தாமிராவுக்குக் கெடு.

"கொழந்தைங்கறதால நிரந்தரம் போட்டுடும்மா, காலத்துக்கும் ஒரு குறையும் வராது" என்று மாமனாரைப் பறிகொடுத்தவர் அன்பாகத்தான் சொன்னார். அவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள், ஆளுக்கொரு தூக்கில் சாப்பாடுகூடக் கொண்டுவந்தார்கள். கோதைக்கு அந்தக் கோப்பைவிட அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இன்னும் ஆறு மாதத்தில் நானும் இப்படித்தான் தூக்கைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக்காவது ஆறுதல் சொல்லப் போவேனோ என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை கோப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே முதல் தாளில், பச்சை கிரேயானில், கோணல்மாணலாக, 'ம்மா தண்ணி' என்று இருந்தது. ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து தாளின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள்; தாள் ஊறி, எழுத்துக் கலங்கி, உலர்ந்து மொடமொடத்தது. தண்ணீர் தாளுக்குத்தான் போனது, பிள்ளைக்குப் போகவில்லை. புதன்கிழமை அடுத்த தாளில், ஊதா மையில், ஒரே கோட்டில், 'அம்மா, எனக்குத் தண்ணீர் வேண்டும், இங்கே இருட்டாக இருக்கிறது' என்று எழுதியிருந்தது. வியாழக்கிழமைத் தாளில் 'அருந்துவதற்குத் தண்ணீர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று மட்டும் இருந்தது. அம்மா என்ற வார்த்தை அதில் இல்லை. கோதை தாளை முன்னும் பின்னும் திருப்பித் தேடினாள், எங்கேயும் இல்லை. அட்டையின் சூடும் குறைந்துகொண்டே வந்தது.

அன்றைக்கே கண்காணிப்பாளர் தர்மலிங்கத்துக்குப் போன் போட்டாள். அவர் வீடு வேறு ஊரில், அவர் வீட்டிலும் அதே பச்சைச் சுவர்தான்.

"சார், தப்பா வந்த தபாலை அசலாவே திருப்பி அனுப்பிடலாம்னு விதி இருக்கே சார். அப்படி அனுப்பினா இங்க ஒண்ணும் தங்காது, அசல் அப்படியே போயிடும் இல்லையா?"

"தாராளமா அனுப்பலாம்மா. அனுப்புநர் யாரோ அவங்களுக்குத்தான் திரும்பிப் போகும். பதிவேட்டுல அனுப்புநர்னு யாரைப் போட்டிருக்கீங்க?"

கோதை பதிவேட்டைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். சாமி. அசலைத் திருப்பி அனுப்பினால் பிள்ளை சாமியிடம் போகும்.

"சார், அதை அடிச்சுட்டு வேற பேரு எழுதிடறேன் சார். நீங்க ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்."

"ஐயையோ, அந்தப் பேச்சே பேசாதீங்கம்மா. உங்க பி பிளாக் நடேசன் தன் மச்சான் பேரை ஒரு கோடு போட்டு அடிச்சாரு. அந்த மனுஷன் எங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பேரு அடிபட்டா ஆளும் அடிபடறாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உரியவருக்கு அனுப்புதல்னு ஒண்ணு இருக்கே. இது எங்க ஆபீஸ் சம்பந்தப்பட்டது இல்லன்னு எழுதி, சம்பந்தப்பட்டவங்க விலாசத்துக்கு அனுப்பிடுங்க. அப்புறம் உங்க சமத்து."

இது எங்க சீட் இல்லைங்க. பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, வெயிலில் வந்து நின்ற எத்தனை பேரை அந்த ஒரு வார்த்தையால் அடுத்த ஜன்னலுக்குத் துரத்தியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அதையே தன் பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தாள். 'இப்பொருள் இவ்வலுவலகத்தைச் சார்ந்தது அல்ல' என்று எழுதும்போது பேனா மூன்று முறை நின்றது. பெறுநர் என்ற இடத்தில் 'தாமிராவின் அம்மா, டி-14' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வெளியே போகிற தபால் தட்டில் வைத்தாள். ஐந்தே முக்காலுக்குத் தட்டு காலி. ஆறு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

வாசலில் தாமிரா நின்றாள். சீருடை கசங்கவில்லை, நெற்றி தொட்டால் ஜில்லென்று இருந்தது. மாசிலாமணி அவளைத் தூக்கிச் சுற்றிச் சுற்றி ஆடி, டி பிளாக் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தான். ரெஜினா அக்கா வந்து பார்த்துவிட்டு, "நல்லபடியா முடிஞ்சுதே" என்று சொல்லி, தன் வீட்டு பீரோவை நினைத்தாளோ என்னவோ, சட்டென்று போய்விட்டாள்.

சனிக்கிழமை தலை வாரிவிடும்போதுதான் கோதை பார்த்தாள். இடது புருவம் முழுசாக இருந்தது. விரலால் தடவித் தடவித் தேடினாள், தையல் போட்ட தடமே இல்லை. பிள்ளை முதுகை நிமிர்த்திக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேட்டால் பதில் சொன்னது, கேட்காவிட்டால் பேசவில்லை. நோட்டில் கோட்டை விட்டு ஓர் எழுத்தும் வெளியே போகவில்லை. சனிக்கிழமை பூராவும், ஞாயிற்றுக்கிழமை பூராவும், ஒரு தடவைகூடத் தண்ணி கேட்கவில்லை.

"தண்ணி வேணுமாடி செல்லம்?"

"வேண்டாம் அம்மா. நன்றி."

"என்னங்க, இவ இப்படிப் பேசறா, பாருங்க" என்று புருஷனிடம் ஓடினாள்.

"காய்ச்சல்ல கெடந்து எழுந்த புள்ள, அப்படித்தான் இருக்கும். பாரு, எவ்வளவு சமத்தா இருக்கா. வந்துட்டால்ல, விடேன் கோதை." அவள் அவனைப் பிள்ளையிடம் இழுத்துப்போனாள். புருவத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான், "ஆறிடுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

எந்த ஆபீசிலும் வெளியே போகிறது தெளிநகல்தான். அடித்தல் திருத்தல் இல்லாமல், கறை இல்லாமல், அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அடித்தும் திருத்தியும் கிறுக்கியும் கிடக்கிற மூலம் ஆபீசிலேயே தங்கிவிடும். சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. தட்டில் வைக்கும்போது கோதை அம்மாவாக இருந்தாளே தவிர உதவியாளராக இல்லை, அதனால் நினைவுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுவரில் சாமிப்படம் இருக்கிற மூலையைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது. பீரோ வர இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. வெறும் சுவரைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மாசிலாமணி அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விடக் கூட்டிப்போனான். அது வாசலில் நின்று, "போய் வருகிறேன் அம்மா" என்று சொன்னது. பத்து மணி அடித்தது, சுவர் பச்சையானது, மூலையில் பீரோ வந்தது. கோதை கதவைத் திறந்தாள். மேல் தட்டில் அந்தக் கோப்பு இருந்தது. ஓரத்தில் 'முடிந்தது' என்று தானாகவே எழுதியிருந்தது. தொட்டாள், கொதித்தது. உள்ளே, தாளுக்குத் தாள், மூலைக்கு மூலை, பச்சை கிரேயானில், நேரான எழுத்தெல்லாம் வெளியே போய்விட்ட பிறகு மிச்சமிருந்த கோணல் எழுத்தில், 'ம்மா தண்ணி. ம்மா தண்ணி. ம்மா.'

இன்னொரு தடவை அனுப்பினால் இன்னொரு தெளிநகல்தான் வரும், நூறு தடவை அனுப்பினால் நூறு சமத்துப் பெண்கள் வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். முடிந்த கோப்பு அன்றைக்கு ஐந்தே முக்காலுக்குப் பதிவறைக்குப் போய்விடும். ஆனால் முடிந்த கோப்போடு அதே பொருளில் புதுக் காகிதம் ஒன்று வந்து சேர்ந்தால், இரண்டையும் ஒரே டேக்கில் கட்டி மறுபடி நடப்புக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் விதிதான். பதினோரு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு காலைக்காகத்தான் போலிருந்தது.

பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுவந்தாள். பயம் இல்லாமல் இல்லை. மாசிலாமணி சாயங்காலம் வந்து கதவைத் தட்டுவானே என்று நினைத்தபோது ஒரு விம்மல் வந்து போனது. அந்த இருட்டு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, அங்கே தன் பெண் ஒரு வாரமாகத் தனியாக இருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. இடது புறங்கையை மேசையில் விரித்து வைத்து முத்திரையைக் குத்தினாள். மை உலரும் முன்னால் அந்தக் கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் பதிவேட்டை இழுத்து, அனுப்புநர் என்ற இடத்தில் அம்மா என்றும், பொருள் என்ற இடத்தில் தண்ணி என்றும் எழுதினாள், பிறகு நம்பரை எழுத ஆரம்பித்தாள்.

வரிசையில் முதலாவதாக நின்ற பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சீட்டுல ஆளக் காணோமே" என்று பின்னால் திரும்பிச் சொன்னாள். எல்லாரும் மனுக்களை மடித்து வைத்துக்கொண்டு எதிர்வீட்டு ரெஜினாவின் கவுண்டருக்குப் போனார்கள்.

மாசிலாமணி ஆறு மணிக்கு அந்தப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். சோபா சோபாவாக இருந்தது, சாமிப்படம் மூலையில் இருந்தது. மேசைமேல் ஒரு பெரிய கோப்பும் ஒரு சின்னக் கோப்பும் ஒரே டேக்கில் கட்டி இருந்தன, பெரியது சின்னதைச் சுற்றி மூடியிருந்தது. பக்கத்தில் டம்ளர் இருந்தது. மேசையும் நனையவில்லை, தரையும் நனையவில்லை, டம்ளரில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.